சின்ன பென்டாக்ஸுக்கு எந்தச் சின்ன லென்ஸ்?

பென்டாக்ஸ் எம்எக்ஸ், எம்இ, எம்இ சூப்பர். மூன்றும் பழைய ஃபிலிம் கேமராக்கள். இந்த மூன்றில் ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலும் பாடி மட்டும். இல்லையென்றால் முன்பக்கம் கனக்கும் ஏதோ ஒரு ஜூமோடு. இந்தக் குட்டிக் கேமராவுக்குப் பொருத்தமான குட்டி லென்ஸ் எது என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது 40 மி.மீ. 'பான்கேக்', அதாவது தட்டையான லென்ஸ். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பக்கத்திலேயே 50 எஃப்/1.7 அதில் பாதி விலைக்குக் கிடக்கும் (முதல் எண் குவியத்தூரம், அது சிறுத்தால் காட்சி அகலும்; எஃப் எண் சிறுத்தால் லென்ஸ் கூடுதல் வெளிச்சம் வாங்கும்). கூடவே 35, 28 என்று வரிசை நீளும். எதை எடுப்பது என்று தெரியாமல் பலரும் மாதக்கணக்கில் நின்றுவிடுவது இங்கேதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லென்ஸ் எவ்வளவு தட்டை என்பது இரண்டாவது கேள்வி. எந்த நேரத்து வெளிச்சத்தில் படம் எடுப்பீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பகலில் தெருவில் எடுப்பவருக்கும், சாயங்காலத்துக்கு மேல் வீட்டுக்குள் குழந்தைகளை எடுப்பவருக்கும் ஒரே லென்ஸைச் சிபாரிசு செய்ய முடியாது.

## கேமராவைப் பற்றிக் கொஞ்சம்

1972-இல் ஒலிம்பஸ் நிறுவனம் எம்-1 என்ற பெயரில் ஒரு கேமராவை இறக்கியது. பிறகு அதுவே ஓஎம்-1 ஆயிற்று. எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) என்றால் கழுத்தை இழுக்கும் என்றிருந்த நிலையை மாற்றியது அது. பென்டாக்ஸின் பதில் 1976-இல் எம்இ, எம்எக்ஸ் என்று இரண்டு கேமராக்களாக வந்தது. ஓஎம்-1-இன் அகலம் 136 மி.மீ., உயரம் 83 மி.மீ. எம்எக்ஸின் அகலம் 135.5, உயரம் 82.5. அரை அரை மில்லிமீட்டராகக் குறைத்து 'உன்னைவிட நான் சிறிசு' என்று காட்டியிருக்கிறார்கள். அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும்.

எம்எக்ஸ் 495 கிராம், முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான்; தீர்ந்துபோனாலும் எல்லா ஷட்டர் வேகமும் வேலை செய்யும். எம்இ 460 கிராம். அபர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவை) நீங்கள் வைத்தால் ஷட்டரை அதுவே பார்த்துக்கொள்ளும், மேனுவல் கிடையாது. எம்இ சூப்பர் 445 கிராம், பொத்தானை அழுத்தி ஷட்டர் வேகத்தை மாற்றலாம், 1/2000 வரை போகும். கடைசி இரண்டுக்கும் பேட்டரி வேண்டும்.

இந்தப் பாடிகளோடு சேர்ந்து பிறந்தவைதான் 'எம்' வரிசை லென்ஸ்கள். முன்னால் வந்த கே வரிசையைவிடச் சின்னதாக இருக்கவேண்டும் என்றே செய்யப்பட்டவை. நாம் பார்க்கப்போகும் எல்லாவற்றுக்கும் ஃபில்டர் அளவு ஒன்றே, 49 மி.மீ. கறுப்பு-வெள்ளைக்கு ஒரு மஞ்சள் ஃபில்டர் வாங்கினால் எல்லா லென்ஸுக்கும் ஆகும். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி ஃபில்டர் வாங்கிப் பழகியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

## எதை வைத்து எடைபோடுவது

தடிமனும் எடையும். லென்ஸின் நீளத்தைத் தனியாகப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. பாடியே ஏறக்குறைய 49 மி.மீ. தடிமன். அதோடு கூட்டிப் பாருங்கள்.

வீட்டுக்குள் கிடைக்கும் ஷட்டர் வேகம். 400 ஐஎஸ்ஓ ரோல், ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சம். கொஞ்சம் மங்கலான அறை என்றே வைத்துக்கொள்வோம். எஃப்/2.8-இல் 1/15 வினாடிதான் கிடைக்கும், எஃப்/1.7 என்றால் 1/45. ஒன்று ஆடிப்போகும், மற்றது தேறிவிடும்.

எவ்வளவு அகலம் படுகிறது. எத்தனை டிகிரி கோணம் என்று சொன்னால் மனசில் நிற்காது. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு அகலமான இடம் படத்துக்குள் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

எவ்வளவு கிட்டே போகலாம். சாப்பாட்டு மேசை, பூ, கைவேலை எடுப்பவர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறார்கள்.

வியூஃபைண்டரில் தெரிவது. பார்த்துக்கொண்டிருக்கும்போது லென்ஸ் முழுசாகத் திறந்துதான் இருக்கும். எனவே எஃப்/1.7 லென்ஸில் பளிச்சென்று தெரியும் காட்சி, எஃப்/2.8-இல் மங்கும், வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு).

விலை, நிலைமை, மறைமுகச் செலவு. இவை எல்லாம் நாற்பது வயது தாண்டிய கண்ணாடிகள். வாங்கும் விலையோடு கணக்கு முடியாது.

| லென்ஸ் | நீளம் (மி.மீ.) | எடை (கிராம்) | எம்எக்ஸோடு சேர்த்துத் தடிமன் (மி.மீ.) | மிகக் கிட்டத் தூரம் (செ.மீ.) | 3 மீட்டரில் படும் அகலம் (மீ.) | ட்யூப்லைட்டில் ஷட்டர் |
|---|---|---|---|---|---|---|
| 40 எஃப்/2.8 | 18 | 110 | 67 | 60 | 2.7 | 1/15 |
| 50 எஃப்/2 | 31 | 170 | 80 | 45 | 2.2 | 1/30 |
| 50 எஃப்/1.7 | 31 | 185 | 80 | 45 | 2.2 | 1/45 |
| 50 எஃப்/1.4 | 37 | 238 | 86 | 45 | 2.2 | 1/60 |
| 35 எஃப்/2.8 | 35 | 174 | 84 | 30 | 3.1 | 1/15 |
| 28 எஃப்/2.8 | 31 | 156 | 80 | 30 | 3.9 | 1/15 |

தடிமனும் அகலமும் ஏறக்குறையக் கணக்கு. ஷட்டர் வேகமும் உங்கள் வீட்டு விளக்கைப் பொறுத்து ஏறும் இறங்கும். ஆனால் லென்ஸுக்கு லென்ஸ் உள்ள வித்தியாசம் மாறாது.

## 40 எஃப்/2.8: எல்லோரும் ஆசைப்படும் பான்கேக்

40-இல் மட்டும் இவ்வளவு தட்டையாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. பென்டாக்ஸின் கே மவுண்டில் லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 45.46 மி.மீ. அந்த இடத்தில்தான் காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் மிரர் மேலே கீழே ஆடுகிறது. லென்ஸின் குவியத்தூரம் இந்த அளவை ஒட்டி இருந்தால் சிக்கலில்லாத பழைய டெஸ்ஸார் பாணி அமைப்பே போதும். 40-இல் இருப்பவை ஐந்தே கண்ணாடிகள். 28, 35 என்று இறங்கினால், ஆடும் மிரருக்கு வழிவிட்டுப் பிம்பத்தைப் பின்னால் தள்ளவேண்டும். அதற்கு முன்பக்கம் கூடுதல் கண்ணாடிகள் வேண்டும், நீளமும் கூடும். இந்த எளிய அமைப்பில் எஃப்/2.8-க்கு மேல் திறப்பது கஷ்டம். ஆக, தட்டையும் மங்கலும் ஒன்றாகத்தான் வரும். ஒன்றை விட்டு ஒன்று கிடைக்காது.

எம்இ சூப்பரில் இதை மாட்டினால் மொத்தம் 555 கிராம். ஜோல்னா பைக்குள் இரண்டு புத்தகத்துக்கு நடுவே செருகிவிடலாம். கழுத்தில் மாட்டினால் முன்னால் கவிழாமல் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். இந்த ஒரு விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை.

பையிலிருந்து வெளியே எடுத்த பிறகுதான் குறைகள் தெரியும். ஃபோகஸ் வளையம் ஒல்லியான ஒரு பட்டை. அதை ஒட்டியே அபர்ச்சர் வளையம். ஃபோகஸைத் திருப்பும்போது கூடவே அபர்ச்சரும் ஒரு கிளிக் நகர்ந்துவிடுவது சகஜம். எம்இ சூப்பரின் வியூஃபைண்டரில் அபர்ச்சர் எண் தெரியாது, அதனால் நகர்ந்ததே தெரியாமல் போகும். எம்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. லென்ஸ் வளையத்தில் இருக்கும் எண்ணையே ஒரு சின்ன ஜன்னல் வழியாக வியூஃபைண்டரில் காட்டிவிடுவார்கள்.

கிட்டப் போகவும் முடியாது. 60 செ.மீ.தான் எல்லை. அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 46 செ.மீ. அகலம் படும். ஒரு தலைவாழை இலையை எடுக்கலாம், இலையில் இருக்கும் ஒரு வடையை எடுக்க முடியாது.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், விலையே முதலாவது. 50 எஃப்/1.7-ஐவிட இது பெரும்பாலும் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் போகும். படம் அந்த அளவுக்கு மேலானதா என்றால் இல்லை. முழுசாகத் திறந்தால் ஓரங்கள் சுமார்தான். எஃப்/8-க்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அழகுக்கும் அபூர்வத்துக்கும்தான் அந்தக் கூடுதல் விலை. அந்தப் பணத்தில் சில ரோல்களை வாங்கி, கழுவி, ஸ்கேனும் போட்டுவிடலாம். இரண்டாவது, ஃபில்டரும், பக்கவெளிச்சத்தை மறைக்கும் ஹுட்டும். ஒரு ஃபில்டர் மாட்டினாலே ஐந்து மில்லிமீட்டர் போச்சு, ஹுட்டும் போட்டால் 50 மி.மீ. லென்ஸின் தடிமனுக்கு வந்து நிற்கும். பான்கேக் வாங்கிவிட்டு அதன்மேல் ரப்பர் ஹுட் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், இது சரியான லென்ஸாக அமையும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஊர் உச்சி வெயிலில் 400 ஐஎஸ்ஓ ரோல் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்/16-இல் 1/400 என்பது பழைய கணக்கு. எஃப்/8-க்குத் திறந்தால் 1/1600 வேண்டும். எம்எக்ஸ் 1/1000-க்கு மேல் போகாது, அதனால் எஃப்/11-க்கு இறங்கித்தான் ஆகவேண்டும். எம்இ சூப்பரில் எஃப்/8 வரை வரலாம். அதாவது பகல் முழுக்க உங்கள் லென்ஸ் எஃப்/8-க்கும் எஃப்/16-க்கும் நடுவில்தான் இருக்கப்போகிறது. அப்புறம் எஃப்/1.7 இருந்தால் என்ன, எஃப்/1.4 இருந்தால் என்ன? அந்தப் பெரிய திறப்புக்குக் கொடுத்த காசு வெயிலில் வேலை செய்யாது.

பான்கேக்கில் எஃப்/11 வைத்து ஃபோகஸை ஐந்து மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. ஒல்லி வளையத்தைத் தொடவே வேண்டாம். பகலில், நடந்துகொண்டே, தினமும் கேமராவைப் பையில் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம்.

## 50 எஃப்/1.7: அதிகம் பேசப்படாத நல்ல பிள்ளை

பான்கேக்குக்கும் இதற்கும் தடிமனில் 13 மி.மீ. வித்தியாசம், எடையில் 75 கிராம். அட்டவணையில் பெரிதாகத் தெரியும். கையில் வைத்தால், எம்எக்ஸ் 67 மி.மீ. ஆனாலும் 80 மி.மீ. ஆனாலும் சட்டைப் பையில் போகாது. இரண்டுமே தோள் பைக்குள் போய்விடும். பேண்ட் பாக்கெட்டுக்கு இரண்டுமே ஆகாது. நடுவில் இருக்கும் அந்த 13 மில்லிமீட்டருக்கு நாம் கொடுக்கும் விலை, வீட்டுக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம்.

இந்தக் கேமராக்களின் பெரிய சொத்து வியூஃபைண்டர். எம்எக்ஸில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் உருப்பெருக்கம் 0.97. கிட்டத்தட்ட வெறும் கண்ணில் பார்க்கிற அளவே. வலது கண்ணைக் கேமராவில் வைத்து இடது கண்ணையும் திறந்தே வைத்துப் பாருங்கள். இரண்டு காட்சியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி, காற்றில் ஒரு சட்டம் மிதப்பதுபோல் இருக்கும். ஆள் சட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே இடது கண்ணில் வந்துவிடுவார். 40 போட்டால் இந்த உருப்பெருக்கம் 0.78-க்கும், 28 போட்டால் 0.54-க்கும் இறங்கிவிடும். அதாவது இந்த வியூஃபைண்டரையே 50-க்காகத்தான் செதுக்கியிருக்கிறார்கள். நாற்பது வயது தாண்டிக் கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். ஃபோகஸ் பார்க்க வியூஃபைண்டர் நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட் இமேஜ் வட்டத்தில் கோடு சேர்வது எஃப்/1.7-இல் துல்லியமாகத் தெரியும்.

45 செ.மீ. வரை கிட்டே போகலாம். ஏறக்குறைய 25 செ.மீ. அகலம் படும். அந்த வடையும் வந்துவிடும்.

குறை என்றால் அகலம்தான். மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் 2.2 மீட்டர்தான் படும். நம் வீட்டு ஹாலில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் சோபாவில் உட்கார்ந்திருக்கும் நால்வரில் ஒருவர் வெட்டுப்படுவார். தெருவில் ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிட்டு எடுப்பதும் சிரமம். எஃப்/8-இல் பத்து மீட்டரில் வைத்தால்தான் ஐந்து மீட்டர் முதல் அடிவானம் வரை கிடைக்கும். ஐந்து மீட்டருக்கு உள்ளே வருவதற்கெல்லாம் கையால் ஃபோகஸைத் திருப்பியாகவேண்டும்.

மறைமுகச் செலவு இந்த லென்ஸில் மிகக் குறைவு. கேமராவோடு கூடவே விற்றதால் சந்தையில் நிறையக் கிடக்கிறது. ஒன்று பழுதானால் சர்வீஸுக்கு அலைவதைவிட இன்னொன்று வாங்குவதே சுலபம்.

### எஃப்/2, எஃப்/1.4 என்று தடுமாறுகிறவர்களுக்கு

எஃப்/2 என்பது பென்டாக்ஸ் கே1000 கேமராவோடு ஏராளமாக விற்ற லென்ஸ். ஐந்து கண்ணாடி, எளிய அமைப்பு. முழுசாகத் திறந்தால் எதிர்வெளிச்சத்தில் கொஞ்சம் வெளிறும். எஃப்/5.6-க்கு வந்துவிட்டால் எஃப்/1.7-க்கும் இதற்கும் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்கு நான் டீ வாங்கித் தருவேன். கேமராவோடு இலவசம்போல வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகத் தேடி வாங்கவேண்டாம், அந்த விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் எஃப்/1.7 வந்துவிடும்.

எஃப்/1.4 அரை ஸ்டாப்தான் கூடுதல். 53 கிராம், 6 மி.மீ., கணிசமான விலை எல்லாமும் கூடும். கச்சேரி, நாடக மேடை என்று இருட்டிலேயே குடியிருப்பவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்குச் சின்னக் கேமராவின் முன்பக்கத்தைக் கனமாக்கும் வேலைதான்.

## 28 எஃப்/2.8: சத்தமில்லாத போட்டியாளர்

அட்டவணையை இன்னொரு தடவை பாருங்கள். 28-இன் நீளம் 31 மி.மீ., அதாவது 50 எஃப்/1.7 அளவே. எடை அதைவிட 29 கிராம் குறைவு. ஆனாலும் 'சின்ன லென்ஸ்' என்று தேடுகிறவர்களின் பட்டியலில் இது ஏனோ கடைசியில்தான் வருகிறது.

தெருவுக்கும் குறுகலான வீட்டுக்கும் இதுதான். எஃப்/8-இல் ஃபோகஸை மூன்று மீட்டர் சொச்சத்தில் வைத்தால் ஏறக்குறைய 1.6 மீட்டர் முதல் அடிவானம் வரை தெளிவு. எஃப்/11 என்றால் 1.2 மீட்டரிலிருந்தே. ரதவீதியில் தேர் வரும்போது, கல்யாணப் பந்தியில், சந்தை நெரிசலில், ஃபோகஸ் பற்றிய நினைப்பே இல்லாமல் எடுத்துக்கொண்டே போகலாம். 30 செ.மீ. வரை கிட்டேயும் போகலாம்.

எஃப்/2.8-தானே, வீட்டுக்குள் பான்கேக் போலத்தானே என்று கேட்கலாம். முழுக்க அப்படி இல்லை. கை நடுக்கம் 28-இல் குறைவாகத் தெரியும். குவியத்தூரத்தின் தலைகீழ்தான் கையில் பிடிக்கும் குறைந்தபட்ச ஷட்டர் என்பது பொதுவிதி. 28-க்கு 1/30 போதும், 50-க்கு 1/60 வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டால் 1/15-உம் தேறும், எதிரே இருப்பவர் அசையாமல் இருந்தால். குழந்தை அசையாமல் இருக்குமா என்பது வேறு விஷயம்.

இதன் மறைமுகச் செலவு ரோலில்தான் போகும். அகல லென்ஸுக்குப் பழகாத கை முதல் சில ரோல்களில் வெறும் தார்ரோட்டையும் வானத்தையும்தான் எடுத்துக் குவிக்கும். ஆள் நடுவில் எறும்புபோல நிற்பார். நினைப்பதைவிட இரண்டடி முன்னால் போகவேண்டும் என்று உடம்புக்குப் புரியும்வரை ஃபிலிம் செலவுதான். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' ரோல் போட்ட காலமாக இருந்தால் கவலைப்படவேண்டாம். இப்போது எல்லாமே இறக்குமதி, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் விலை இருக்கிறது. முகத்தைக் கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும். வீட்டில் திட்டு வாங்குவீர்கள்.

## 35 எஃப்/2.8: குறை சொல்ல ஒன்றுமில்லை, தேடத்தான் வேண்டும்

ஒரே லென்ஸோடு வாழ்க்கையை ஓட்டவேண்டும் என்றால் 35-தான் நடுநிலையான பதில். மூன்று மீட்டரில் 3.1 மீட்டர் அகலம், 30 செ.மீ. கிட்டத் தூரம், விரலுக்கு அடங்கிய ஃபோகஸ் வளையம். முகமும் கெடாது, ஹாலும் அடங்கும். பான்கேக்கைக் கோணத்துக்காக விரும்புகிறவர்கள் உண்மையில் தேடுவது இதைத்தான்.

ஆனால் 50, 28 போல எங்கும் கிடைக்காது. தடிமன் 50 எஃப்/1.7-ஐவிட நாலு மில்லிமீட்டர் கூட, வெளிச்சமோ குறைவு. எஃப்/2 வடிவமும் உண்டு, 205 கிராம், 42 மி.மீ. நல்ல லென்ஸ்தான், விலையைக் கேட்டால் சின்னக் கேமராவை விட்டுவிட்டுப் பெரிய கேமராவே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

## மற்றவை, சுருக்கமாக

20 எஃப்/4, ஆச்சரியம் என்னவென்றால் 50-ஐவிட நீளம் குறைவு, 150 கிராம்தான். ஆனால் அபூர்வம், விலை, மங்கல். எஃப்/4-இல் ஸ்ப்ளிட் இமேஜின் ஒரு பாதி இருண்டுபோகத் தொடங்கும். 100 எஃப்/2.8 (225 கிராம்) முகத்துக்கு அருமை, இரண்டாவது லென்ஸாக. அந்தக் காலத்து ஜூம்களை விட்டுவிடுங்கள். 40-80 மட்டுமே ஏறக்குறைய 400 கிராம், எம்இ சூப்பர் பாடியின் எடைக்கு அருகில். சின்னக் கேமரா வாங்கியதன் அர்த்தமே போய்விடும்.

எம்முக்குப் பின் வந்த 'ஏ' வரிசை லென்ஸ்கள் அளவில் ஏறக்குறைய எம் போலவே இருக்கும், எம்எக்ஸ்-எம்இ-களில் ஒரே மாதிரி வேலை செய்யும். பின்னாளில் புரோகிராம் வசதி (அபர்ச்சர், ஷட்டர் இரண்டையும் கேமராவே வைப்பது) உள்ள பாடியோ டிஜிட்டல் பென்டாக்ஸோ வாங்கும் எண்ணம் இருந்தால் ஏ-வுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். எச்சரிக்கை ஒன்று: டிஜிட்டலுக்காக வந்த டிஏ லென்ஸ்களில் பலவற்றுக்கு அபர்ச்சர் வளையமே கிடையாது. அழகான 40 டிஏ பான்கேக் ஒன்றும் இருக்கிறது, எம்எக்ஸில் மாட்டவும் செய்யும். அபர்ச்சரைத் திருப்ப வழி இருக்காது.

வீட்டில் பழைய திருகு மவுண்ட் டக்குமார் (கே மவுண்டுக்கு முந்தைய பென்டாக்ஸ் லென்ஸ்) கிடந்தால் ஒரு அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாம். மவுண்டிலிருந்து ஃபிலிம் வரையான தூரம் இரண்டுக்கும் ஒன்றே, அதனால் தூரத்து ஃபோகஸ் கெடாது. படமெடுக்கும் முன் அபர்ச்சரை நீங்களே மூடவேண்டும், அவ்வளவுதான்.

## செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது

எந்த லென்ஸைத் தேர்ந்தாலும் உண்மையான செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதல் எதிரி ஃபங்கஸ். கடலோர ஊர்களில், ஐப்பசி கார்த்திகை மழையில், தோல் உறைக்குள் பீரோவில் தூங்கிய லென்ஸ் என்றால் சந்தேகப்பட்டே ஆகவேண்டும். செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி இழைபோல ஓரத்திலிருந்து உள்ளே ஓடினால் ஃபங்கஸ். முழுக்கப் புகைபோல இருந்தால் படலம். ஓரத்தில் லேசான இழை என்றால் படத்தில் தெரியாது, ஆனால் விலையைக் குறைக்கக் காரணம் கிடைக்கும். கண்ணாடிப் பூச்சைத் தின்றிருந்தால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. வாங்கியதும் மற்ற லென்ஸ்களோடு வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுத் தனியே வையுங்கள்.

அடுத்தது அபர்ச்சர். கே மவுண்ட் லென்ஸின் பின்னால் ஒரு சின்ன நெம்பு இருக்கும். வளையத்தை 22-இல் வைத்து அந்த நெம்பைத் தள்ளினால் இதழ்கள் திறக்கும், விட்டால் பட்டென்று மூடவேண்டும். மெல்ல ஊர்ந்து மூடினால் இதழில் எண்ணெய் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட லென்ஸ் வெயிலில் எல்லாப் படத்தையும் வெளுப்பாக்கும், முதல் ரோல் கழுவி வரும்வரை உங்களுக்குத் தெரியாது. சர்வீஸ் செய்ய ஆள் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் எஃப்/1.7-இன் விலையில் பாதி அதற்கே போகும். ஆகவே மலிவான 50-இல் இந்தக் குறை இருந்தால் வேண்டாம். மற்றபடி நல்ல நிலைமை உள்ள 35-ஓ 40-ஓ கிடைத்து விலை நன்றாக இறங்கியிருந்தால் மட்டும் சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடலாம்.

ஃபோகஸ் வளையம் கட்டை தட்டுகிறதா, அல்லது தண்ணீராக ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டுமே கிரீஸ் போனதன் அடையாளம். பான்கேக்கில் இதை இரட்டிப்புக் கவனமாகப் பார்க்கவேண்டும், ஏற்கெனவே பிடிக்கச் சிரமமான வளையம் அது. ஃபில்டர் திருகு நசுங்கியிருந்தால் கீழே விழுந்த லென்ஸ். ஒரு 49 மி.மீ. ஃபில்டரைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஜப்பானிலிருந்து வரவழைக்கிறவர்கள் கூரியரையும் சுங்க வரியையும் சேர்த்தே விலையைப் படிக்கவேண்டும். அங்கே 'மின்ட்' என்று தலைப்பில் போட்டிருப்பது வெளித்தோற்றம். ஃபங்கஸ், தூசி, படலம் பற்றிய வரிகள் விவரத்தின் அடியில் இருக்கும். அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். உள்ளூரில் நேரில் பார்த்து வாங்குவதாக இருந்தால் உங்கள் பாடியையும் கொண்டுபோய், மாட்டி, பின்கதவைத் திறந்து, ஃபிலிம் இல்லாமல் எஃப்/22-இல் ஷட்டரை மெதுவான வேகத்தில் அழுத்திப் பாருங்கள். பின்னாலிருந்து பார்த்தால் சின்னத் துளை ஒன்று தெரியவேண்டும். முழு வட்டமாகத் தெரிந்தால் இதழ் மூடவில்லை, லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.